காருக்குக் காய்ச்சல்!

நேயர்களே, முதலிலேயே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியும். காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அடுப்பைப் பழுது பார்க்கத் தெரியுமா, என்ன?

ஆனால் என் கார் மின்சாரக் கார். அதனால் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. "புகை இல்லை, இரைச்சல் இல்லை, என்ஜின் ஆயில் மாற்றும் வேலை இல்லை. ராத்திரி பிளக்கில் மாட்டிவிட்டால் காலையில் தயார்" என்று பத்திரிகை ஆபீஸில் எல்லாரிடமும் பெருமையடித்துக் கொண்டிருந்தேன். இரண்டாம் கைக் கார்தான். கடன் வாங்கி வாங்கியது. என் வீட்டுக்காரர், "இன்னும் இரண்டு வருஷம் பொறுத்து வாங்கலாமே" என்றார். அம்மா, "நடு வழியில் நின்றால் பெட்ரோல் மாதிரி பாட்டிலில் வாங்கி ஊற்ற முடியுமாடி?" என்று கேட்டாள். இரண்டு பேரையும் நான் புன்னகையோடு பார்த்தேன். அறியாதவர்களைப் பார்த்து அறிந்தவர்கள் புன்னகை செய்வார்களே, அந்தப் புன்னகை.

அந்தப் புன்னகை சென்ற சித்திரை மாதம் விழுப்புரத்தில் மறைந்தது.

என் தங்கை கல்வராயன் மலையில் ஆசிரியை. அவள் கணவருக்கும் அங்கேதான் உத்தியோகம். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டு வீட்டில் இருக்கிறார்கள். அவளுக்கு ஏழாம் மாதம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், வளையல் அடுக்கி, அவளைச் சென்னைக்கு அழைத்து வர வேண்டும். "வாடகைக் கார் எதற்கு? நம் காரில் அலுங்காமல் குலுங்காமல் அழைத்து வருகிறேன்" என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன்.

விடியற்காலையில் நூறு சதவீதம் சார்ஜோடு கிளம்பினோம். பின் ஆசனத்தில் புளியோதரை, எலுமிச்சம்பழச் சாதம், தயிர் சாதம், தேங்காய்ச் சாதம், இரண்டு டஜன் டஜனாகக் கண்ணாடி வளையல். முன் ஆசனத்தில் அம்மா.

திண்டிவனம் தாண்டியதும் அம்மா சொன்னாள்: "ஏண்டி, இந்த ஏசியில் காற்று வருகிறது, குளிர் வரவில்லையே? போன மாதம் இப்படி இல்லை."

"வெளியே வெயில் அம்மா" என்றேன்.

நேயர்களே, இந்த வாக்கியத்தைத் தயவு செய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் வருவதற்கு முன்பே நோயாளி நாக்கை நீட்டிக் காட்டிவிட்டது. நான்தான் பார்க்கவில்லை.

விழுப்புரத்தில் 10 கிலோவாட்!

விழுப்புரத்தில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு சார்ஜ் நிலையம். காரில் 38 சதவீதம் மீதி இருந்தது. குழாயை மாட்டிவிட்டுக் காப்பி சாப்பிடப் போனோம். வழக்கமாகக் காப்பியும் வடையும் முடிவதற்குள் காரின் வயிறும் நிறைந்துவிடும். அன்று திரும்பி வந்து பார்த்தால், திரையில் "10 கிலோவாட்" என்று நின்றுகொண்டிருந்தது. வழக்கமாக 40 இருக்கும்.

கிலோவாட் என்றதும் பயப்பட வேண்டாம். மின்சார வாரிய பில்லில் வருகிறதே யூனிட், ஒரு மணி நேரத்தில் அது எத்தனை உள்ளே போகிறது என்பதற்கான கணக்குத்தான். என் கார் பேட்டரிக்கு மொத்தம் 40 யூனிட் பிடிக்கும். மணிக்கு 40 யூனிட் வேகத்தில் போக வேண்டியது, 10 யூனிட் வேகத்தில் போயிற்று. குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுச் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல.

காரின் முன்பக்கத்தில் விசிறி 'ஹோ'வென்று இரைந்து கொண்டிருந்தது. பேட்டரியின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறியிருந்தது. ஒரு மணி நேரம் பொறுத்தேன். பக்கத்துச் சார்ஜரில் மாற்றி மாட்டினேன். அங்கும் அதே 10. கடைசியில் 62 சதவீதத்தோடு கிளம்பிவிட்டேன். இருட்டுவதற்குள் மலை ஏற வேண்டும். மீதியைத் தங்கை வீட்டில் ராத்திரி போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணம்.

மலையும் ஒரு கணக்கும்

உளுந்தூர்பேட்டையில் திருச்சி சாலையை விட்டுச் சேலம் சாலையில் திரும்பினால் கள்ளக்குறிச்சி. 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ஊர். அங்கிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை. அணையைத் தாண்டியதும் மலை ஆரம்பமாகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. 1976 வரை ஜாகீர்தார்கள் வசம் இருந்து, அதன் பிறகே அரசாங்கத்தின் கைக்கு வந்தது. இங்குள்ள பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் குழப்பம் வேண்டாம். மலையில் வாழ்பவர்கள், அவ்வளவுதான். சாமையும் தினையும் மரவள்ளியும் விளைகிற மண்.

வளைந்து வளைந்து ஏறும்போது சார்ஜ் சதவீதம் மளமளவென்று இறங்கியது. எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. ஆனால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. காரும் நாங்களும் சாமான்களும் சேர்ந்து சுமார் 1,700 கிலோ. எழுநூறு மீட்டர் உயரம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், அந்த எடையைத் தூக்குவதற்கு மட்டும் மூன்று யூனிட்டுக்குச் சற்று அதிகமாக வேண்டும். அதாவது என் பேட்டரியில் எட்டு சதவீதம். சமவெளியில் இருபது கிலோமீட்டர் ஓடக்கூடிய சக்தியை மலை வாங்கி வைத்துக்கொள்கிறது. வாங்கி வைத்துக்கொள்கிறது என்று ஏன் சொல்கிறேன் என்பதை இறங்கும்போது சொல்கிறேன்.

எனக்கு அப்போது பெர்த்தா பென்ஸ் அம்மாள் ஞாபகம் வந்தது. 1888 ஆகஸ்டில், கணவர் கார்ல் பென்ஸுக்குத் தெரியாமல், அவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு ஜெர்மனியில் மான்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமில் இருந்த தாயார் வீட்டுக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போன மகராசி அவர். எண்ணெய்க் குழாய் அடைத்துக் கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். என்ஜின் கொதிக்காமல் இருக்க வழி நெடுகத் தண்ணீர் வாங்கி வாங்கி ஊற்றினார். மேடு வந்தால் பிள்ளைகள் தள்ளினார்கள். பள்ளத்தில் இறங்கி இறங்கி பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். உலகத்தின் முதல் நீண்ட மோட்டார் பயணமே ஒரு பெண் தாய் வீட்டுக்குப் போன பயணம்தான்! சூடு, மேடு, பள்ளம் இந்த மூன்றும் அன்று அவருக்கு வந்தன. இன்று எனக்கும் வந்தன. அவரிடம் தொப்பி ஊசி இருந்தது. என்னிடம் செல்போன்தான் இருந்தது.

தங்கை வீட்டு வாசலில் நிறுத்தியபோது 7 சதவீதம்.

சிவப்பு விளக்கு

கட்டிப்பிடித்து, கண்ணைத் துடைத்து, சாமான்களை இறக்கி வைத்த பிறகு, காரோடு வந்த சார்ஜ் ஒயரை எடுத்துச் சமையலறைப் பெரிய பிளக்கில் மாட்டினேன். ஒயரின் நடுவில் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று கண்ணைச் சிமிட்டியது. பிடுங்கி மாட்டினேன். சிவப்பு. தட்டிப் பார்த்தேன். சிவப்பு. பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டு மாட்டினேன். சிவப்பு.

உதவிக்கு என்று ஒரு நம்பர் உண்டு. கூப்பிட்டேன். வழியில் சார்ஜ் மெதுவாக ஏறியது, பேட்டரி சூடு, இப்போது சிவப்பு விளக்கு என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். மறுமுனையில் ஒரு குரல் மிகவும் மரியாதையாக, "பேட்டரியில் கோளாறு இருக்கலாம் மேடம். மாற்றும்படி இருக்கலாம். வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பார்க்க வேண்டும்" என்றது.

மின்சாரக் காரில் பேட்டரி என்பது சுவர்க் கடிகாரத்துப் பேட்டரி அல்ல. காரின் விலையில் பெரிய பங்கே அதுதான். புதுக் காருக்கு எட்டு வருஷ உத்தரவாதம் கொடுப்பது வழக்கம். என்னுடையதோ இரண்டாம் கை. முதல் சொந்தக்காரருக்கு எழுதிக் கொடுத்த உத்தரவாதம் எனக்குச் செல்லுமா? கடனில் இன்னும் மூன்று வருஷத் தவணை பாக்கி. ஏழு மாதக் கர்ப்பிணியை இந்த மலையிலிருந்து எப்படி இறக்குவது? வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொல்லவும் மனம் வரவில்லை. அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் பயம்.

ராத்திரி தங்கை மாவு அரைத்துக் கொண்டிருந்தாள். நான் கிரைண்டரைத் தொடப் போனேன். "அக்கா, செருப்புப் போட்டுக்கொண்டு தொடு. வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்று இழுக்கும்" என்றாள். அவள் காலில் ரப்பர்ச் செருப்பு. "எத்தனை நாளாக?" என்றேன். "கோடை ஆரம்பித்ததிலிருந்து" என்றாள், ஏதோ எறும்பு கடிக்கிறது என்பது போல. எனக்குப் பேட்டரிக் கவலை. அதையும் காதில் வாங்கி, மறு காதில் விட்டுவிட்டேன்.

அம்மாவின் வைத்தியம்

தூக்கம் வராமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அழுதும் விட்டேன்.

அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "உனக்கு நாலு வயதிருக்கும். ஒரே நாளில் காய்ச்சலும் வந்தது, வயிற்று வலியும் வந்தது. டாக்டர் டைபாய்டாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். நானும் உன் அப்பாவும் ராத்திரி முழுக்க அழுதோம். காலையில் பார்த்தால், காய்ச்சல் முதல் நாள் போட்ட தடுப்பூசியால். வயிற்று வலி, பக்கத்து வீட்டு மாங்காயை நீ திருடித் தின்றதால். இரண்டும் ஒரே நாளில் வந்தது தவிர, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை."

"அதற்கு?"

"விழுப்புரத்தில் மெதுவாகவாவது ஏறியது. இங்கே ஏறவே மாட்டேன் என்கிறது. இது இரண்டு வியாதியாக இருக்கக் கூடாதாடி? ஒவ்வொன்றாகப் பார்."

கல்லூரியில் மூன்று வருஷம் படித்து நான் கற்றுக்கொள்ளாத தர்க்க சாஸ்திரம் அது.

"பூமி இல்லை, அக்கா!"

காலையில் மாப்பிள்ளை ஓர் ஒயர்மேன் தம்பியை அழைத்து வந்தார். மலைக்காரப் பிள்ளை. ஐ.டி.ஐ. படித்தவர். மின்சாரக் காரை அதுவரை தொட்டதில்லை என்று அவரே சொன்னார். சிவப்பு விளக்கைப் பார்த்ததும் அவர் காரின் பக்கமே போகவில்லை.

"இந்த ஒயரை வேற வீட்டுல போட்டுப் பாத்தீங்களா, அக்கா?" என்றார்.

இல்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை! காரைப் பத்தடி தள்ளி, பக்கத்து வீட்டில் புதிதாகப் போட்ட பிளக்கில் மாட்டினோம். பச்சை! சார்ஜ் ஏற ஆரம்பித்தது. கார் நிரபராதி.

பிறகு தம்பி பையிலிருந்து ஒரு ஹோல்டரையும் 100 வாட் குண்டு பல்பையும் எடுத்தார். தங்கை வீட்டுப் பிளக்கில் மேலே ஒரு பெரிய துளை, கீழே இரண்டு துளை. கீழ்த் துளைகள் இரண்டிலும் ஒயரை வைத்தபோது பல்பு பளிச்சென்று எரிந்தது. மின்சாரம் வரும் துளையிலும் மேல் துளையிலும் வைத்தபோது பல்பு கண்ணே திறக்கவில்லை. (இது தெரிந்தவர் செய்யும் சோதனை. நேயர்கள் யாரும் செய்து பார்க்கக் கூடாது.)

"பூமி இல்லை, அக்கா" என்றார் தம்பி.

மேலே இருக்கும் பெரிய துளை எர்த். அதிலிருந்து புறப்படும் கம்பி வீட்டுக்குப் பின்னால் மண்ணில் புதைத்த குழாய்க்குப் போக வேண்டும். கிரைண்டரிலோ வாஷிங் மெஷினிலோ உள்ளே மின்சாரம் கசிந்து உலோக உடம்புக்கு வந்துவிட்டால், அது இந்தக் கம்பி வழியாகப் பூமிக்குப் போய்விடும். கம்பி இல்லாவிட்டால் அது வேறு வழி தேடும். அந்த வழி, தொடுகிறவரின் உடம்பு.

கொல்லைப்புறம் போய்ப் பார்த்தோம். கோடையில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. குழாயின் தலையில் கம்பி துருப்பிடித்து அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போதுதான் முதல் நாள் ராத்திரி ஞாபகம் வந்தது. ரப்பர்ச் செருப்பு. சுருக். ஏழு மாதம். ஈரக் கை. கை கால் நடுங்கிவிட்டது, நேயர்களே. இரண்டு மாதமாக என் தங்கையை எமனிடமிருந்து காப்பாற்றி வந்தது ஒரு ஜோடி ரப்பர்ச் செருப்பு! வீட்டில் இருந்த மிக்ஸி சொல்லவில்லை, ஃபிரிஜ் சொல்லவில்லை. அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. என் கார் ஒன்றுதான், "பூமி இல்லாத வீட்டில் நான் சாப்பிட மாட்டேன்" என்று சத்தியாக்கிரகம் செய்தது. சார்ஜ் ஒயரின் நடுவில் இருக்கும் பெட்டியின் வேலையே அதுதான். எர்த் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இல்லாவிட்டால் மின்சாரத்தைக் காருக்குள் விடாது. சிவப்பு விளக்கு எந்த விதமாகச் சிமிட்டினால் என்ன அர்த்தம் என்று காரோடு வந்த புத்தகத்தில் அச்சடித்திருக்கிறது. அந்தப் புத்தகம் சென்னையில் என் அலமாரியில் பத்திரமாக இருந்தது.

தம்பி புதுக் கிளாம்பு போட்டு, புதுக் கம்பி இழுத்து, குழியில் கரியும் உப்பும் சேர்த்தார். அம்மா இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாள். பல்பு எர்த்திலும் எரிந்தது. பெட்டியில் பச்சை! "எர்த் போட்டாச்சுன்னு கிரைண்டரை விட்டுடாதீங்க. உள்ளே கசியுது, அதையும் சரி பண்ணணும்" என்று சொல்லி, அதையும் பிரித்து எடுத்துப் போனார். மெயின் போர்டில் கசிவைக் கண்டுபிடித்து அணைக்கும் ஒரு சாதனமும் பொருத்தச் சொன்னார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைப்பதற்குள் மின்சாரத்தை நிறுத்திவிடுமாம்.

அன்று வளைகாப்பு நடந்தது. மலைப் பெண்களெல்லாம் வந்து தங்கை கைக்கு வளையல் அடுக்கினார்கள். வாசலில் கார் மணிக்கு மூன்று யூனிட் வீதம் சாவகாசமாகச் சாப்பிட்டுக் கொண்டிருந்தது.

நிறைந்த குடம்

சாயங்காலம் 80 சதவீதம் ஆனதும் மாப்பிள்ளை பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். "நூறு ஆகட்டுமே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "கீழேதானே போகிறீர்கள்?" என்றார்.

மலை வாங்கி வைத்துக்கொள்கிறது என்றேனே, அது இதுதான். இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், மோட்டார் மின்சாரம் உண்டாக்கும் யந்திரமாக மாறி, வண்டியின் வேகத்தையும் பிடித்து நிறுத்தி, அந்தச் சக்தியைப் பேட்டரியில் போடும். பாதிப் பிரேக் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது. பேட்டரி நூறு சதவீதம் நிரம்பியிருந்தால் வாங்கிக்கொள்ள இடம் இல்லை. மோட்டார் பிடிப்பது குறைந்துபோய், கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாப் பாரமும் கால் பிரேக்கின் தலையில் விழும். மலை உச்சியிலிருந்து கிளம்பும்போது குடத்தில் கொஞ்சம் இடம் விட்டு வைக்க வேண்டும்.

மறு நாள் விடியற்காலை, குளிர்ந்த நேரத்தில் இறங்கினோம். அடிவாரத்தில் பார்த்தால், 80 இருந்தது 81 ஆகியிருந்தது. தங்கை தூங்கிக்கொண்டு வந்தாள்.

இலவு காத்த கார்

இனி முதல் வியாதி. அம்மா விடவில்லை. "ஏசியும் குளிரவில்லை, பேட்டரியும் சூடு. இரண்டுக்கும் ஏதாவது உறவு உண்டா?" என்று கேட்டாள். உண்டு! நெருங்கிய உறவு.

பேட்டரிக்குள் மின்சாரம் போகும்போது சூடு உண்டாகும். மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. வீட்டில் மணிக்கு 3 யூனிட் ஏற்றுவதையும், நெடுஞ்சாலையில் 40 யூனிட் ஏற்றுவதையும் ஒப்பிட்டால், சூடு நூறு மடங்குக்கும் மேல். அதனால்தான் வீட்டில் சார்ஜ் போட்டபோது ஒன்றும் தெரியவில்லை. லித்தியம் பேட்டரிக்கு மனிதர்களுக்குப் பிடித்த சீதோஷ்ணமே பிடிக்கும். மிகவும் சூடானால் ஆயுள் குறையும். பேட்டரியைத் திரவத்தால் குளிர வைக்கும் ஏற்பாடு இல்லாமல் 2010-ல் விற்பனைக்கு வந்த நிஸான் லீஃப் கார்கள் சில, அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவன வெயிலில் சீக்கிரமே சக்தி குன்றி, 2012-ல் பெரிய புகாராயிற்று.

ஆகவே என்னுடையதைப் போன்ற கார்களில் பேட்டரியை ஒட்டிக் கூலன்ட் என்ற திரவம் ஓடுகிறது. ஒரு சின்னப் பம்பு அதைச் சுற்றி அனுப்புகிறது. வெயில் காலத்தில் அந்தத் திரவத்தைக் குளிர வைப்பது நமக்குக் குளிர் காற்றுத் தரும் அதே ஏசி யந்திரம். இரண்டு பேரின் சூட்டையும் வெளியே தள்ளுவது காரின் முன்பக்கத்துக் கண்டென்ஸர். அது சரியாக மூச்சு விடாவிட்டால் நமக்கும் வியர்க்கும், பேட்டரிக்கும் வியர்க்கும். பேட்டரியைக் காவல் காக்கும் கம்ப்யூட்டர், "இனி மெதுவாகத்தான் சாப்பிட வேண்டும்" என்று உத்தரவு போட்டுவிடும். காய்ச்சல்காரருக்குக் கஞ்சி கொடுப்பது போல.

கள்ளக்குறிச்சியில் ஒரு பட்டறை. கதிர் அறுக்கும் யந்திரங்களும் டிராக்டர்களும் பழுது பார்க்கும் இடம். அங்கிருந்த பெரியவர் டார்ச் அடித்து முன் சல்லடைக்குள் பார்த்தார். "அட, அறுவடை மெஷினில் தினமும் பாக்கிறதுதாம்மா! அதுல வைக்கோல் தூசி அடைக்கும். இதுல பஞ்சு அடைச்சிருக்கு" என்றார்.

பஞ்சு! எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இலவ மரம். பங்குனி, சித்திரையில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். அம்மா மூன்று மாதமாகத் துணி உலர்த்த முடியவில்லை என்று புலம்பிக் கொண்டிருந்தாள். அந்தப் பஞ்சும் தூசியும் சேர்ந்து கண்டென்ஸர் மேல் மெத்தையாகப் படிந்திருந்தன. பெரியவர் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய தகடுகள் மடங்காமல், காற்றைக் குறைத்து வைத்து ஊதினார். ஒரு தலையணைக்குப் போதாது. ஊசி குத்தி வைக்கும் சின்ன மெத்தைக்குத் தாராளமாகப் போதும்.

விழுப்புரத்தில் அதே நிலையம், அதே சார்ஜர். 41 சதவீதத்தில் மாட்டினேன். திரையில் 38 கிலோவாட். தங்கை இளநீர் குடித்து, கொஞ்சம் நடந்து, திரும்பி வருவதற்குள் 80 சதவீதம். ஏசியில் அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இப்போது குளிருகிறது" என்று மட்டும் சொன்னாள். "நான் அப்போதே சொன்னேன்" என்று அவள் சொல்லாததைச் சரித்திரத்தில் பொன் எழுத்துக்களால் பொறிக்க வேண்டும்.

உங்களுக்குச் சில வார்த்தை

உங்கள் வீட்டிலும் இந்தக் கார் வந்திருக்கலாம், நாளை வரலாம். சார்ஜ் மெதுவாக ஏறினால், உடனே பேட்டரியை அழ வைக்காதீர்கள். முதலில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 80-க்கு மேல் எல்லாக் காரும் மெதுவாகத்தான் சாப்பிடும். அடுத்து, வேறு சார்ஜரில் போட்டுப் பாருங்கள். தப்பு நிலையத்தின்மேல் இருக்கலாம். அங்கும் அப்படியே என்றால் பேட்டரியின் சூட்டைப் பாருங்கள். சூடு அதிகமானால், ஏசி குளிர்கிறதா, விசிறி சுற்றுகிறதா, முன் சல்லடை சுத்தமாக இருக்கிறதா, கூலன்ட் டப்பாவில் திரவம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று வெளியிலிருந்தே பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரை ஊற்றவும் வேண்டாம். இவற்றிலெல்லாம் குறை இல்லை என்றால் பம்பு, ஏசியின் வாயு, சூட்டை அளக்கும் உறுப்பு ஏதாவது ஒன்று. அது கம்பெனி மெக்கானிக்கின் வேலை. ஆரஞ்சு நிறக் கேபிளை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அடியில் ஒழுக்கோ புகையோ விசித்திர வாசனையோ வந்தால், ஆராய்ச்சி வேண்டாம். எல்லாரும் இறங்கித் தூரப் போய்விடுங்கள்.

வீட்டில் கார் சார்ஜுக்குத் தனி ஒயர், தனிப் பெரிய பிளக். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். அரை மணி கழித்துப் பிளக்கின் பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள். சுட்டால் உடனே நிறுத்துங்கள். கார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கோடை பிறந்ததும் ஒயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். "சுருக்கென்கிறது" என்று வீட்டில் யாராவது சொன்னால், செருப்பைத் தேடாதீர்கள். ஆளைக் கூப்பிடுங்கள்.

ஆடி மாதம் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சௌக்கியம். பெயர் சூட்டும் நாளுக்கு மலையிலிருந்து வந்த மாப்பிள்ளை, குழந்தையைப் பார்த்து ஆனந்தப்பட்டுவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கிரைண்டர் சரியாகி வந்துவிட்டது, அண்ணி. வெறுங்காலோடு, ஈரக் கையோடு நானே தொட்டுப் பார்த்தேன்."

"ஐயோ! அப்படியெல்லாம் சோதனை செய்யலாமா?"

"ஒயர்மேன் தம்பி பக்கத்திலேயே நின்றார். ஒன்றும் இல்லை. அவள் திரும்பி வருவதற்கு முன்னால் எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டியிருந்தது" என்றார்.

உள்ளே தொட்டிலில் குழந்தை கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. அம்மா வாசலில், மெல்லிய துணித் தூரிகையால் காரின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.